ஏழையின் பெயரில் ஒரு தள்ளுபடி



தர்ம மருத்துவமனை ஒன்றைத் தாங்குகிற எவருக்கும் என்றாவது ஒருநாள் ஒரு கேள்வி எழும். "ஏழைகளுக்கென்று நான் கொடுத்தது ஏழையின் கையில் போய்ச் சேர்ந்ததா?" என்பதே அது. வாய்விட்டுக் கேட்கப் பலர் தயங்குவார்கள். கேட்டால் தங்களை நம்பிக்கையற்றவர்கள் என்று எண்ணிவிடுவார்களோ என்ற கூச்சம்.

இதே கேள்வி அமெரிக்க ஐக்கிய நாடுகளில் மருத்துவமனைகள், மருந்துக் கம்பெனிகள், சட்டமன்றங்கள், நீதிமன்றங்கள் என்று எல்லா இடங்களிலும் எழுந்திருக்கிறது. அங்கே மத்திய அரசின் சட்டத்தினால் நடைபெறும் மருந்துத் தள்ளுபடித் திட்டம் ஒன்று உண்டு. சட்டப் பிரிவின் எண்ணைக் கொண்டு அதை "340பி" என்று அழைக்கிறார்கள். அதைத் திருத்தவேண்டும் என்று ஒரு சாராரும், தொடவேண்டாம் என்று மற்றொரு சாராரும் வாதாடுகிறார்கள். கிறிஸ்தவ சபைகள் தொடங்கிய மருத்துவமனைகளும் இந்த வாதத்தின் நடுவில் நிற்கின்றன. ஆகவே அதைப் பொறுமையாகப் படித்து அறிவது நமக்கும் பயன் தரும்.

1. திட்டம் பிறந்த கதை

அமெரிக்காவில் வருமானம் குறைந்தவர்களுக்கு மருத்துவச் செலவைக் கொடுக்கும் அரசுத் திட்டத்திற்கு மெடிக்கெய்ட் என்று பெயர். முதியோருக்கு உள்ளது மெடிக்கேர். 1990-ஆம் ஆண்டில் அமெரிக்கக் காங்கிரஸ் ஒரு சட்டம் செய்தது. மருந்துக் கம்பெனிகள் மற்ற எவருக்கும் கொடுக்கும் மிகக் குறைந்த விலையின் பலன் மெடிக்கெய்ட் திட்டத்திற்கும் கிடைக்கவேண்டும் என்பது அதன் சாரம். நோக்கம் நல்லதுதான். ஆனால் விளைவு எதிர்பாராததாக இருந்தது.

அதுவரை பல கம்பெனிகள் தர்ம மருத்துவமனைகளுக்கும் சிறு கிளினிக்குகளுக்கும் தாங்களாகவே மலிவான விலையில் மருந்து கொடுத்து வந்தன. புதிய சட்டத்திற்குப் பின், ஒரு சிறிய கிளினிக்குக்கு விலையைக் குறைத்தால் நாடு முழுவதிலுமுள்ள மெடிக்கெய்ட் திட்டத்திற்கும் குறைக்கவேண்டிய நிலை வந்தது. ஆகவே கம்பெனிகள் அந்தச் சலுகைகளை நிறுத்தத் தொடங்கின. ஏழைகளுக்கு உதவ வந்த சட்டமே ஏழைகளின் கிளினிக்குகளில் மருந்து விலையை ஏற்றிவிட்டது.

இதைச் சரிசெய்யவே 1992-ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் 340பி பிரிவு சட்டமாயிற்று. அரசின் குறைந்த வளங்களைக் கூடுமானவரை நீட்டி, அதிகமான நோயாளிகளுக்கு அதிகமான சேவைகளைக் கொடுக்கச் செய்வதே அதன் நோக்கம் என்று அக்காலத்துக் காங்கிரஸ் அறிக்கை கூறியது. மெடிக்கெய்ட் தங்கள் மருந்துகளுக்குப் பணம் கொடுக்கவேண்டுமானால், தகுதி பெற்ற நிறுவனங்களுக்குக் கம்பெனிகள் தள்ளுபடி விலையில் மருந்து விற்றே ஆகவேண்டும்.

யாருக்குத் தகுதி? மத்திய அரசின் மானியம் பெறும் சமூக நலக் கிளினிக்குகள், எச்.ஐ.வி. நோயாளிகளைப் பராமரிக்கும் ரையன் ஒயிட் கிளினிக்குகள், காசநோய்க் கிளினிக்குகள், இரத்தம் உறையாக் குறைபாட்டு மையங்கள், ஏழை நோயாளிகளை அதிகமாக ஏற்கும் மருத்துவமனைகள் ஆகியவை முதலில் இடம்பெற்றன. 2010-ஆம் ஆண்டில் கிராமப்புறச் சிறு மருத்துவமனைகள், புற்றுநோய்க்கென்றே உள்ள சில மருத்துவமனைகள் முதலியவையும் சேர்க்கப்பட்டன.

2. பணம் வரும் வழி

இந்தத் திட்டத்தின் நன்மையும் சிக்கலும் ஒரே இடத்தில்தான் இருக்கின்றன. அதை ஓர் உதாரணக் கணக்கினால் விளக்குகிறேன். இதிலுள்ள தொகைகள் புரிதலுக்காக நானே வைத்துக்கொண்டவை.

ஒரு மருந்தின் வழக்கமான விலை 1,000 டாலர் என்போம். 340பி தகுதியுள்ள மருத்துவமனை அதை 600 டாலருக்கு வாங்குகிறது. இன்ஷூரன்ஸ் உள்ள நோயாளிக்கு அதைக் கொடுக்கிறது. இன்ஷூரன்ஸ் கம்பெனி வழக்கம்போல 1,000 டாலர் கொடுத்துவிடுகிறது. இடையிலுள்ள 400 டாலர் மருத்துவமனையின் கையில் நிற்கிறது. அந்தப் பணத்தைக் கொண்டு இன்ஷூரன்ஸ் இல்லாத நோயாளிக்கு இலவசமாக மருந்து கொடுக்கலாம். நஷ்டத்தில் நடக்கும் பிரசவ வார்டைத் தாங்கலாம். தூரத்துக் கிராமத்திலிருந்து வருகிறவர்களுக்கு வண்டி ஏற்பாடு செய்யலாம். சட்டம் செய்தவர்கள் எதிர்பார்த்தது இதுவே.

இப்பொழுது இன்ஷூரன்ஸ் இல்லாத ஒரு கூலித் தொழிலாளி அதே மருந்துக்காக வருகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவருக்கு 600 டாலருக்கோ அதைவிடக் குறைவாகவோ கொடுக்க மருத்துவமனைக்கு முடியும். ஆனால் அவரிடம் 1,000 டாலர் கேட்டாலும் 340பி சட்டத்தை அது மீறியதாகாது. தள்ளுபடியை நோயாளிக்குக் கொடுக்கவேண்டும் என்று அந்தச் சட்டம் கட்டளையிடவில்லை. மீதமாகும் பணத்தை எதற்குச் செலவிடவேண்டும் என்றும் அது சொல்லவில்லை.

தள்ளுபடி சிறியதும் அல்ல. கம்பெனிப் பெயரில் விற்கும் மருந்துகளுக்கு, உற்பத்தியாளர் பெறும் சராசரி விலையில் குறைந்தது 23.1 சதவீதமும், பொதுப் பெயர் மருந்துகளுக்கு 13 சதவீதமும் கழிக்கவேண்டும். பொதுவான விலைவாசி உயர்வைவிட வேகமாக ஒரு மருந்தின் விலையைக் கம்பெனி ஏற்றினால், தள்ளுபடி இன்னும் கூடும். சில மருந்துகள் ஒரு சென்ட் விலைக்கே வந்துவிடுவதும் உண்டு.

மோசேயின் நியாயப்பிரமாணத்தில் அறுவடையைப் பற்றிய கட்டளை நமக்குத் தெரியும். வயலின் ஓரங்களையும் சிந்திய கதிர்களையும் நிலச்சொந்தக்காரன் எடுத்துக்கொள்ளலாகாது. அவை எளியவர்களுக்கு உரியவை. ரூத் தானே வயலுக்குப் போய்த் தன் கையினால் பொறுக்கினாள். கதிர் யாருக்குச் சேர்ந்தது என்று அங்கே எவரும் கேட்கத் தேவையிருக்கவில்லை. 340பி திட்டத்திலோ, ஓரத்துக் கதிர்கள் ஏழையின் சார்பாக வேறொருவருடைய களஞ்சியத்தில் ஒப்படைக்கப்படுகின்றன. களஞ்சியக்காரர் உண்மையுள்ளவராக இருந்தால் ஏழைக்குப் பொறுக்கியதைவிட அதிகமே கிடைக்கும். இல்லாவிட்டால் ஏழைக்குத் தன் பங்கு எங்கே போயிற்று என்றே தெரியாது.

3. நன்மை பெற்ற இடங்கள்

குறைகளைப் பார்க்குமுன் நன்மையைச் சொல்லுவது நியாயம். சமூக நலக் கிளினிக்குகள், பணம் இல்லை என்பதற்காக எவரையும் திருப்பி அனுப்பக் கூடாது. வருமானத்திற்கு ஏற்பக் கட்டணத்தைக் குறைக்கவேண்டும். திட்டத்தின் மூலம் வரும் வருமானத்தைத் தங்கள் ஊழியத்திற்கே செலவிடவேண்டும். இவை அவற்றிற்கு மானியம் கொடுக்கும் சட்டத்தின் நிபந்தனைகள். ரையன் ஒயிட் கிளினிக்குகளுக்கும் வருமானத்தைப் பற்றி இதுபோன்ற கட்டுப்பாடு உண்டு. ஆகவே இவ்விடங்களில் தள்ளுபடிப் பணம் பெரும்பாலும் போகவேண்டிய இடத்திற்கே போகிறது.

கிராமப்புறச் சிறு மருத்துவமனைகளின் நிலையையும் நினைக்கவேண்டும். அவற்றில் பல வரவுக்கும் செலவுக்கும் இடையே தத்தளிப்பவை. தள்ளுபடியினால் மீதமாகும் தொகை நின்றுபோனால் ஒரு பிரிவையோ, முழு மருத்துவமனையையோ மூட நேரிடும் என்று அவை அஞ்சுகின்றன. அடுத்த மருத்துவமனை வெகு தூரத்தில் இருக்கும் ஊரில், பிரசவ வேதனையிலிருக்கும் தாய்க்கு இதன் பொருள் என்ன என்று நான் சொல்லவேண்டியதில்லை.

4. கோணல் ஏற்பட்ட இடங்கள்

திட்டம் மிக வேகமாக வளர்ந்தது. இதன்கீழ் வாங்கிய மருந்துகளின் மதிப்பு 2015-ஆம் ஆண்டில் ஏறத்தாழ 1,200 கோடி டாலர். 2023-இல் அது 6,630 கோடி டாலர் ஆயிற்று. இதில் மிகப் பெரும்பகுதியை வாங்கியவை மருத்துவமனைகளே. கிளினிக்குகளின் பங்கு சிறியது.

ஒரு மருத்துவமனையின் தகுதி எவ்வாறு அளக்கப்படுகிறது? படுக்கையில் தங்கிச் சிகிச்சை பெறுகிறவர்களில் எத்தனை பேர் ஏழைகள் என்பதைக் கொண்டே பெரும்பாலும் முடிவு செய்கிறார்கள். ஆனால் தள்ளுபடி கிடைப்பது வெளிநோயாளிகளுக்கான மருந்துகளுக்கு. ஆகவே ஏழைப் பேட்டையிலுள்ள மருத்துவமனை ஒன்று தகுதி பெற்றுவிட்டால், வசதியுள்ளவர்கள் வாழும் பகுதியில் அது நடத்தும் கிளை கிளினிக்கிலும் அதே தள்ளுபடியை அனுபவிக்க வழி உண்டு. புற்றுநோய் மருந்து போன்ற விலை மிகுந்த மருந்துகளில், நன்றாகப் பணம் கொடுக்கும் இன்ஷூரன்ஸ் உள்ள நோயாளிகள் வந்தால் மீதமும் மிகும்.

2022 செப்டம்பரில் நியூயார்க் டைம்ஸ் நாளிதழ் வர்ஜீனியா மாநிலத்து ரிச்மண்ட் நகரைப் பற்றி ஒரு செய்தி வெளியிட்டது. கறுப்பின மக்கள் மிகுதியாக வாழும் ஓர் ஏழைப் பகுதியில் ஒரு மருத்துவமனை உண்டு. அதை நடத்துவது கத்தோலிக்கத் தர்ம நிறுவனமாகிய போன் செக்கூர்ஸ். அங்கே தீவிர சிகிச்சைப் பிரிவு மூடப்பட்டிருந்தது என்றும், அந்த மருத்துவமனையின் தகுதியைக் கொண்டு வசதியான பகுதிகளிலுள்ள கிளினிக்குகள் இலாபம் ஈட்டின என்றும் அச்செய்தி கூறியது. ஒரு மதிப்பீட்டின்படி 3,444 டாலருக்குக் கிடைக்கும் புற்றுநோய் மருந்துக் குப்பி ஒன்றுக்கு, இன்ஷூரன்ஸ் கம்பெனியிடம் 25,000 டாலருக்குமேல் வாங்கப்படுவதாகவும் எழுதியது. நிர்வாகம் இக்குற்றச்சாட்டை மறுத்தது. எது எப்படியிருந்தாலும், ஒரு காரியம் தெளிவாயிற்று. வெளியிலிருந்து பார்க்கிறவர்கள் சரிபார்க்கக்கூடிய கணக்கு எதையும் 340பி சட்டம் அந்த மருத்துவமனையிடம் கேட்டிருக்கவில்லை.

மற்றொரு சிக்கல் மருந்துக் கடைகளைப் பற்றியது. சிறு கிளினிக்குகளுக்குச் சொந்தமாக மருந்துக் கடை வைக்க வசதி இராது. ஆகவே வெளியிலுள்ள ஒரு கடையோடு ஒப்பந்தம் செய்துகொள்ள 1996-இல் அரசு அனுமதித்தது. 2010-இல் எத்தனை கடைகளோடும் ஒப்பந்தம் செய்யலாம் என்று வழி திறந்தது. 2010-இல் ஏறத்தாழ 1,300 ஆக இருந்த ஒப்பந்தக் கடைகள் 2017-இல் ஏறத்தாழ 20,000 ஆகிவிட்டன என்று காங்கிரஸின் தணிக்கை அலுவலகம் 2018-இல் அறிவித்தது. அவற்றில் பெரும்பாலானவை நாடெங்கும் கிளைகளுள்ள பெரிய கம்பெனிக் கடைகள். அந்த அலுவலகம் விசாரித்த 55 நிறுவனங்களில், இன்ஷூரன்ஸ் இல்லாத ஏழை நோயாளிகளுக்கு ஒப்பந்தக் கடைகளில் தள்ளுபடி கொடுப்பதாகச் சொன்னவை 30 மட்டுமே.

2018-இல் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் வெளிவந்த ஆய்வு ஒன்றும் கவனிக்கத்தக்கது. 340பி தகுதியினால் மருத்துவமனைகள் புற்றுநோய் மருத்துவர்களைத் தங்களோடு சேர்த்துக்கொள்வது அதிகமாயிற்று என்றும், ஏழை நோயாளிகளுக்கான சேவை பெருகியதற்கோ மரணங்கள் குறைந்ததற்கோ தெளிவான சான்று காணவில்லை என்றும் அது கூறியது.

5. மருந்துக் கம்பெனிகளின் வாதம்

"பார்த்தீர்களா, தள்ளுபடி ஏழைக்குப் போகவில்லை, ஆகவே நாங்கள் கட்டுப்படுத்துவதே நியாயம்" என்று மருந்துக் கம்பெனிகள் சொல்லுகின்றன. 2020 முதல் பல பெரிய கம்பெனிகள் ஒப்பந்தக் கடைகளுக்குத் தள்ளுபடி விலையில் மருந்து அனுப்புவதைக் கட்டுப்படுத்தின. அரசு எதிர்த்தது. 2023 ஜனவரியில் ஒரு மத்திய மேல்முறையீட்டு நீதிமன்றமும், 2024 மே மாதத்தில் மற்றொன்றும் கம்பெனிகளின் பக்கம் தீர்ப்பளித்தன. எத்தனை கடைகளுக்கு அனுப்பவேண்டும் என்று சட்டத்தில் சொல்லப்படவில்லை என்பதே காரணம். இதற்கு மாறாக ஆர்கன்சா முதலிய மாநிலங்கள் ஒப்பந்தக் கடைகளைக் காக்கத் தங்கள் சட்டங்களை இயற்றின. ஆர்கன்சா மாநிலச் சட்டத்தை 2024 மார்ச்சில் வேறொரு மேல்முறையீட்டு நீதிமன்றம் நிலைநிறுத்தியது.

கம்பெனிகள் சுட்டிக்காட்டும் குறை உண்மையாக இருக்கலாம். ஆனால் அவர்கள் செய்த கட்டுப்பாட்டினால் கையில் நின்ற பணம் ஏழைக்குப் போனதா? இல்லை, கம்பெனிக்கே திரும்பியது. ஏழையின் பங்கு களஞ்சியத்தில் தங்கிவிட்டது என்று குற்றஞ்சாட்டுகிறவர், அதைத் தன் வயலுக்கே திருப்பிக் கொண்டுபோனால் ஏழைக்கு என்ன இலாபம்?

அரசின் பக்கமும் ஒரு பாடம் உண்டு. 2018 முதல் மெடிக்கேர், இந்த மருத்துவமனைகளுக்கு மருந்துக்காகக் கொடுத்த தொகையைப் பெரிதும் குறைத்தது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. மருத்துவமனைகள் உண்மையில் என்ன விலைக்கு வாங்குகின்றன என்று சட்டப்படி கணக்கெடுக்காமல் குறைத்தது செல்லாது என்று 2022 ஜூனில் நீதிபதிகள் ஒருமனதாகத் தீர்ப்பளித்தார்கள். 2023-இல் ஏறத்தாழ 900 கோடி டாலரை அரசு திருப்பிக் கொடுக்க முடிவு செய்தது. கணக்குப் பார்க்காமல் வெட்டியதும் நிலைக்கவில்லை.

6. பேசப்படும் திருத்தங்கள்

முதலாவது, கணக்கு ஒப்புவித்தல். மினசோட்டா மாநிலம் 2023-இல் இதற்கென்று சட்டம் செய்தது. 2024 நவம்பரில் வெளியான அதன் முதல் அறிக்கை, 2023-ஆம் ஆண்டில் அம்மாநில நிறுவனங்கள் இத்திட்டத்தால் பெற்ற நிகர வருமானம் குறைந்தது 63 கோடி டாலர் என்று காட்டியது. அதில் 80 சதவீதம் சில பெரிய மருத்துவமனைகளுக்குச் சென்றது. ஒப்பந்தக் கடைகளுக்கும் இடைத்தரகு நிர்வாகிகளுக்கும் கொடுத்தது மட்டும் 12 கோடி டாலருக்குமேல். பல ஆண்டுகள் ஊகமாகப் பேசப்பட்டது ஒரே அறிக்கையினால் எண்களாக மேசைமேல் வந்தது. அமெரிக்க செனட் சபையின் சுகாதாரக் குழுத் தலைவர் பில் காசிடி 2025 ஏப்ரலில் வெளியிட்ட அறிக்கையும், வருமானம் எப்படிச் செலவிடப்படுகிறது என்று ஆண்டுதோறும் தெரிவிக்கவேண்டும் என்று பரிந்துரைத்தது.

இரண்டாவது, "நோயாளி" என்பதன் வரையறை. எப்போதோ ஒருமுறை வந்துபோனவருடைய மருந்துக்கெல்லாம் தள்ளுபடி உண்டா என்பதில் தெளிவு வேண்டும் என்கிறார்கள்.

மூன்றாவது, தள்ளுபடி கொடுக்கும் முறை. இப்போதுள்ள வழக்கம், வாங்கும்போதே குறைந்த விலை. கம்பெனிகள் கேட்பது, முழு விலையையும் முதலில் கட்டிவிட்டு, விவரம் காட்டியபின் தள்ளுபடித் தொகையைத் திரும்பப் பெறும் முறை. சில மருந்துகளுக்கு இதைச் சோதனையாக 2026 ஜனவரி 1 முதல் நடத்த அரசு 2025 ஜூலையில் அறிவித்தது. மருத்துவமனைகள் வழக்குத் தொடுத்தன. 2025 டிசம்பர் இறுதியில் மேயின் மாநிலத்திலுள்ள மத்திய நீதிமன்றம் அதற்குத் தடை விதித்தது. இந்த முறையில் முறைகேட்டைக் கண்டுபிடிப்பது எளிதாகும் என்பது உண்மை. ஆனால் பெரிய மருத்துவமனை முன்பணம் கட்டித் தாங்கும். கையிருப்பே இல்லாத சிறிய கிளினிக் என்ன செய்யும்?

நான்காவது, வருமானம் குறைந்த நோயாளிக்கு மருந்துக் கடையின் கவுண்டரிலேயே விலை குறையவேண்டும் என்பது. இதுவே மிக எளிதான கோரிக்கை. ஏழை தன் கண்ணால் காணக்கூடியதும் இது ஒன்றே.

7. நமக்குரிய பாடம்

இந்த விவாதத்தில் ஒவ்வொரு சாராரும் ஏழையின் பெயரைச் சொல்லியே பேசுகிறார்கள். மருத்துவமனை "ஏழைக்காகவே வாங்குகிறேன்" என்கிறது. கம்பெனி "ஏழைக்குப் போகவில்லையே" என்கிறது. அரசு "ஏழைக்காகவே திருத்துகிறேன்" என்கிறது. ஏழையோ கவுண்டருக்கு முன்னால் கையில் சீட்டோடு நிற்கிறார். இவர்களில் யார் சொல்வது மெய் என்பதை அவர் கொடுக்கவேண்டிய தொகைதான் காட்டும்.

தள்ளுபடியை ஒழிப்பதால் இந்தக் குறை தீராது. உண்மையாய் உழைக்கிற கிராமத்து மருத்துவமனையும் எச்.ஐ.வி. கிளினிக்கும் முதலில் விழும். கேள்வி கேட்காமல் விட்டுவிடுவதாலும் தீராது. தள்ளுபடி நிலைக்கட்டும், யாரிடம் பெருந்தொகை சேருகிறதோ அவர்கள் விவரமான கணக்கைப் பகிரங்கமாக ஒப்புவிக்கட்டும், ஏழை நோயாளிக்கு விலை குறைவது கட்டாயமாகட்டும், சிறிய நிறுவனங்களின்மேல் தாங்கமுடியாத எழுத்துவேலையும் முன்பணமும் சுமத்தப்படாதிருக்கட்டும். இவை நான்கும் சேர்ந்து போகவேண்டும் என்பதே என் எண்ணம்.

நோயாளிகளின் படுக்கையருகே நின்று பழகியவன் என்ற முறையில் ஒன்று சொல்லுவேன். வியாதியஸ்தர் தம் வியாதியைப் பற்றிக் கவலைப்படும் அளவுக்கே மருந்துச் சீட்டின் தொகையைப் பற்றியும் கவலைப்படுகிறார். அதிலே குறைக்கப்படும் ஒவ்வொரு ரூபாயும் டாலரும் அவருக்கு ஆறுதலின் ஒரு பகுதி.

சேவை என்ற நல்ல பெயர், கணக்கிலிருந்து நம்மை விலக்கிவிடாது. உக்கிராணக்காரனிடத்தில் முதலாவது தேடப்படுவது உண்மை. சிலுவை வைத்த கட்டடத்திலிருந்து அது அதிகமாகவே எதிர்பார்க்கப்படும். ஆகவே கணக்குக் கேட்கிற ஆதரவாளரைச் சந்தேகப்படுகிறவர் என்று எண்ணவேண்டாம். அவர் ஏழையின் இடத்தில் நின்று கேட்கிறார்.

கலந்துரையாட:

1. 1990-ஆம் ஆண்டுச் சட்டம் நல்ல நோக்கத்தோடு வந்தும் ஏழைகளின் கிளினிக்குகளைப் பாதித்தது ஏன்?

2. இன்ஷூரன்ஸ் உள்ளவர்மூலம் வரும் மீதத்தைப் பிரசவ வார்டுக்குச் செலவிடுவதும், நோயாளிக்கு நேரடியாக விலை குறைப்பதும் ஒன்றுதானா? எது எப்போது சிறந்தது?

3. குறையைச் சுட்டிக்காட்டுகிறவருக்கும் அதனால் இலாபம் உண்டு என்றால், அவர் சொல்லும் குறையை நாம் எப்படி எடைபோடவேண்டும்?

4. நீங்கள் ஆதரிக்கும் எந்தத் தர்ம நிறுவனத்திடமும் கேட்கவேண்டிய மூன்று கணக்குக் கேள்விகளை எழுதுங்கள்.